மனநலத்துக்கு ஐந்து மதிப்பெண்

ஜூலை 7, திங்கள்

ஈரோட்டில் நடந்த இரண்டு நாள் பயிற்சியில், தினமும் டைரி எழுதினால் மனப்பாரம் குறையும் என்று சொன்னார்கள். எனக்கு மனப்பாரம் எதுவும் இல்லை. இருந்தாலும் ஊருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவள் தான் செய்து பார்க்காமல் இருக்கக் கூடாது என்பதால் தொடங்குகிறேன். டைரி எங்கள் கடையில் மிஞ்சியது. என் வீட்டுக்காரர் சென்னியப்பன் கோபியில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறார். தீவனக் கம்பெனிக்காரன் போன வருஷம் கொடுத்த டைரி என்பதால் கிழமையை ஒவ்வொரு பக்கத்திலும் அடித்துத் திருத்த வேண்டியிருக்கிறது. பக்கத்தின் அடியில் மாடு வளர்ப்போருக்கு ஒரு யோசனை வேறு அச்சடித்திருக்கிறார்கள். இன்றைக்கு: 'கறவை மாட்டை அதட்டாதீர்கள். பால் குறையும்.' நல்லது.

விஷயம் இதுதான். இந்த வருஷத்திலிருந்து எங்கள் பள்ளியில் மேல்வகுப்புகளுக்கு வாரம் ஒரு மனநல வகுப்பு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் லேசாகத் தட்டினாலே உடைந்துபோகிறார்கள், கெட்டிப்படுத்த வேண்டும் என்று தாளாளர் ஆசிரியர் கூட்டத்தில் பேசினார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஆட்டிய தலை அகப்பட்டுக்கொண்டது. இத்தனை வருஷமாக வேதியியல் எடுக்கும் இந்திராணி டீச்சர், இன்று முதல் மனநல ஒருங்கிணைப்பாளரும்கூட.

அதற்குப் பீரியட் வேண்டுமே? விளையாட்டுப் பீரியடை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பி.டி. மாஸ்டர் குமாரசாமி சாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. "எடுத்துக்குங்க டீச்சர். கணக்கு சார் ஒண்ணு எடுத்துட்டாரு, இங்கிலீஷ் மேடம் ஒண்ணு எடுத்துட்டாங்க. மிச்சம் இருந்தது அது ஒண்ணுதானுங்க" என்றார். பாவம், காலை பிரேயரில் வரிசையைச் சரிசெய்வதோடு அவருடைய விசிலுக்கு வேலை முடிந்துவிடுகிறது.

எங்கள் வீடு இந்த வருஷம் பிளஸ் டூ வீடு. ஒரே பையன் தரணீஷ் பன்னிரண்டாவது வந்துவிட்டான். கேபிளை வெட்டியாகிவிட்டது. கல்யாணம், காதுகுத்து, பண்டிகை என்று யார் பத்திரிகை கொண்டுவந்தாலும், பையன் பிளஸ் டூ, வர முடியாது என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறேன். தப்பாக நினைப்பதில்லை, அவர்களும் அப்படி இருந்தவர்கள்தான். தாளாளரிடம் சொல்லி அவனை சி பிரிவிலிருந்து ஏ பிரிவுக்கு மாற்றினேன். ஏ பிரிவு என்றால் மார்க் வாங்குகிறவர்கள் மட்டும். சி பிரிவில் ரியாஸ் என்று ஒரு பையன். ஆறாவதிலிருந்து இரண்டு பேரும் ஒரே பெஞ்ச், ஒரே கிரிக்கெட் டீம், ஒரே சிரிப்பு. இந்த வருஷம் சிரித்தால் சரிப்படுமா? மாற்றினேன் என்று சொன்னபோது தரணீஷ் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எங்கள் வளர்ப்பு அப்படி.

ஜூலை 19, சனி

முதல் மனநல வகுப்பு. பன்னிரண்டாவதின் எல்லாப் பிரிவையும் ஒன்றாக ஹாலில் உட்காரவைத்தார்கள். மன அழுத்தம் என்றால் என்ன என்று கேட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல், "திங்கக்கிழமைங்க மிஸ்." ஹால் முழுக்கச் சிரிப்பு. யாரென்று கண்டுபிடித்து நிற்கவைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். ரியாஸ்தான், வேறு யார்?

அறிகுறிகள் ஐந்து. தூக்கம் கெடும் அல்லது எந்நேரமும் தூக்கமாக வரும். பசி போகும். பேச்சு குறையும். ஆர்வம் போகும். ஐந்தாவது, தனக்கு உயிரான பொருளை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். ஐந்தாவதைப் பார்த்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது, உடனே நம்பிக்கையான பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் அழுத்திச் சொன்னார்கள். நானும் அழுத்திச் சொன்னேன். மறக்காமலிருக்க, தனிம வரிசைக்குச் செய்வதுபோல முதலெழுத்துகளைச் சேர்த்துக் கொடுத்தேன்: தூ, ப, பே, ஆ, பொ. ஹால் முழுக்க ஒரே குரலில் மூன்று தடவை சொன்னார்கள். தாளாளர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

முருங்கைக்கீரை ஆய்ந்தே விரல் வலி. தரணீஷ் தொடவில்லை. கீரை மிச்சம்.

ஆகஸ்ட் 20, புதன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் மரத்தடியில் கூடி அரட்டை அடித்தே பொழுதைக் கழிக்கிறார்கள். அதனால் தரணீஷைக் கெமிஸ்ட்ரி லேபுக்கு வரச்சொல்லிவிட்டேன். நான் ஒரு பக்கம், அவன் எதிரில். சாப்பிட்டுக்கொண்டே சமன்பாடு கேட்பேன், சொல்வான். முன்பெல்லாம் வீட்டில் வாய் ஓயாது. அம்பயர் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு அலைவான். இப்போது கேட்டதற்கு மட்டும் பதில். இவர் நேற்று, "பையன் பேசியே ரொம்ப நாளாச்சு புள்ள" என்றார். படிக்கிற பையன் எப்படிப் பேசுவான் என்று கேட்டேன். கடை வியாபாரம் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பாக்ஸில் சோறு பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. லேப் வாசனை பிடிக்கவில்லை போல.

செப்டம்பர் 5, வெள்ளி

மீலாது நபி, லீவு. ரியாஸ் வீட்டிலிருந்து பிரியாணித் தூக்கோடு வந்தான். வருஷா வருஷம் வருவதுதான். பிரியாணி சாப்பிட்டால் மதியம் தூக்கம் வரும், தரணீஷுக்கு நாளைக்கு டெஸ்ட் என்று சொல்லித் தூக்கை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பினேன். உள்ளே வந்து பார்த்தால் தரணீஷ் பிரியாணி இல்லாமலே தூங்கிக்கொண்டிருக்கிறான். வளரும் வயசு.

செப்டம்பர் 26, வெள்ளி

காலாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்தேன். மார்க் இல்லாத பாடத்தை எவனும் படிக்க மாட்டான் என்று சொல்லி, மனநலத்துக்கும் இருபத்தைந்து மதிப்பெண்ணுக்குத் தேர்வு வைக்கச் சொல்லிவிட்டார் தாளாளர். 'மன அழுத்தத்தின் அறிகுறிகள் யாவை?' ஐந்து மதிப்பெண் வினா, கட்டாயம்.

சுவாதிகா என்று ஒரு பெண், வகுப்பில் முதல் மார்க்காரி, நான்கு அறிகுறிதான் எழுதியிருந்தாள். ஒரு மதிப்பெண் குறைத்தேன். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று விம்மி விம்மி அழுதாள். வீட்டில் கேட்டால் என்ன சொல்வது, எப்போதும் ஃபுல் மார்க் வாங்குகிறவள் என்று. மனநலத்துக்கு இவ்வளவு டென்ஷன் ஆகக் கூடாது என்று அறிவுரை சொல்லி அனுப்பினேன். மதிப்பெண்ணை மாற்றவில்லை, மாற்றினால் எல்லோரும் வந்து நிற்பார்கள். ரியாஸ் இருபத்தைந்துக்குப் பதினொன்று.

தரணீஷ் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து! ஐந்து அறிகுறியும் வரிசை மாறாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல். வேதியியலில் மட்டும் தொண்ணூற்று நான்கிலிருந்து அறுபத்தொன்றுக்கு இறங்கியிருக்கிறான். ஏ பிரிவில் கொஞ்சம் கறாராகத் திருத்துகிறார்கள். திருத்தியது நான்தான்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்தது. அதிரசம் இந்தத் தடவை கல்லாகிவிட்டது. தரணீஷ் சட்டை கேட்கவில்லை, பட்டாசு கேட்கவில்லை. வாங்கிக்கொடுத்ததைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் படுக்கப் போனான்.

இன்னொன்று எழுத வேண்டும். அவனுடைய கிரிக்கெட் பேட்டை ரியாஸுக்கே கொடுத்துவிட்டானாம். அவன் மாமா பெங்களூரிலிருந்து வாங்கிவந்த பேட் அது. வாரம் தவறாமல் எண்ணெய் தடவிக் கட்டிலுக்கு அடியில் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருப்பான். அதை நான் ஒருநாள் துணி அடிக்க எடுத்ததற்கு இரண்டு நாள் என்னோடு பேசாதவன். ஏன் கொடுத்தாய் என்று கேட்டேன். "இனிமேல் எனக்கு எதுக்குங்கம்மா" என்றான். என்ன பக்குவம்! ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் சொன்னேன். தன் பையன் போனைக் கையிலிருந்து கீழே வைப்பதில்லை, உங்கள் பையனிடம் கேட்டு வழி சொல்லுங்கள் என்று இங்கிலீஷ் மேடம் பெருமூச்சு விட்டார்கள்.

அக்டோபர் 27, திங்கள்

சாயங்காலம் லேபைப் பூட்டும்போது ரியாஸ் வந்து நின்றான். கையில் அந்தப் பேட், அதே வேட்டியில் சுற்றியபடி. வாங்கிக்கொள்ளச் சொன்னான். தரணீஷாகக் கொடுத்ததுதானே, வைத்துக்கொள் என்றேன்.

"நான் கேக்கவே இல்லைங்க மிஸ். அதான் பயமா இருக்குது."

"பேட்டுக்கு என்னடா பயம்?"

"நீங்கதானுங்க மிஸ் சொல்லிக்குடுத்தீங்க. அஞ்சாவது. ஒடனே பெரியவங்ககிட்டச் சொல்லோணும்னீங்க." பேட்டை இன்னொரு தடவை நீட்டி, "பெரியவங்கன்னா எனக்கு உங்களைத்தான் தெரியும்" என்றான்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பரீட்சைக்குப் படித்ததையெல்லாம் நிஜத்தில் கொண்டுவந்து குழப்பிக்கொள்ளாதே என்றேன். என் பையனைப் பற்றி எனக்குத் தெரியாதா என்றும் கேட்டேன். பேட்டைப் பிப்பெட் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான். மனநலத்தில் பதினொன்று வாங்கியவன் எனக்குப் பாடம் நடத்துகிறான்!

அக்டோபர் 28, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. பேட் பரண்மேல் இருக்கிறது.

அக்டோபர் 30, வியாழன்

ஏதாவது கவலையா கண்ணு என்று தரணீஷிடம் கேட்டேன். ஒண்ணுமில்லைங்கம்மா என்றான். பார்த்தாயா?

நவம்பர் 11, செவ்வாய்

குழந்தைகள் தின விழாவுக்கு மனநல நாடகம் போட வேண்டும். எழுதியது நான். சோகமாக ஒரு மாணவன் உட்கார்ந்திருப்பான். ஆலோசகர் வந்து, 'தம்பி, உனக்கு என்ன கவலை?' என்று கேட்பார். தேர்வு பயம் என்பான். மூச்சை ஆழமாக இழு, ஒரு டம்ளர் தண்ணீர் குடி, நல்லதையே நினை என்று ஆலோசகர் மூன்று வழி சொல்வார். மாணவன் துள்ளி எழுந்து, 'என் கவலை பறந்தது!' என்பான். உடனே பாட்டு.

மாணவனாக நடிக்க இருந்த பதினொன்றாவது பையனுக்குப் பொன்னுக்கு வீங்கி. ஆலோசகர் வேஷத்துக்கு எந்தப் பிள்ளைக்கும் வசனம் நிற்கவில்லை, ஆகவே அது நானே. உங்கள் பையன் இருக்கும்போது என்ன கவலை டீச்சர் என்று தாளாளர் சொல்லிவிட்டார். தரணீஷ் சரி என்றான். இப்போதெல்லாம் எதற்கும் சரி என்றுதான் சொல்கிறான். ஒத்திகையில் சோகமாக உட்காரச் சொன்னேன். எப்போதும்போல உட்கார்ந்தான், சரியாக இருந்தது.

நவம்பர் 14, வெள்ளி

நாடகம் நன்றாக நடந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

திரை விலகியது. தரணீஷ் நாற்காலியில் இருந்தான். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு போய், தம்பி, உனக்கு என்ன கவலை என்று கேட்டேன். பதில் இல்லை. மறந்துவிட்டான் என்று நினைத்து, 'தேர்வு பயம்' என்று வாய்க்குள்ளேயே எடுத்துக்கொடுத்தேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். மைக் அவன் சட்டையில் இருந்தது.

"பரீட்சை பயமெல்லாம் இல்லைங்கம்மா" என்றான். வசனப்படி மிஸ் என்று சொல்ல வேண்டும்.

"காத்தால கண்ணு முழிச்சா, ஏன்டா முழிச்சோம்னு இருக்குதுங்கம்மா. சோறு தொண்டைல எறங்கறதில்லை. நீங்க எதுத்தாப்பலதான் உக்காந்திருக்கறீங்க. பாக்ஸைக் கழுவறதும் நீங்கதான்."

பெற்றோர் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"அஞ்சையும் பரீட்சைல எழுதினேன். ஃபுல் மார்க் போட்டீங்க."

கைதட்டல் அப்படியொரு கைதட்டல். முன்வரிசையில் தாளாளர் எழுந்து நின்றே தட்டினார். எனக்கு அடுத்த வசனம் என்னவென்று தெரியும், நான் எழுதியதுதானே? வாய் திறக்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து சுவாதிகா, "மிஸ், மூச்சு, மூச்சு" என்று எடுத்துக்கொடுத்தாள். மூச்சை இழு என்றேன். இழுத்தான். தண்ணீர் குடி என்றேன். குடித்தான். நல்லதை நினை என்றேன். கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்துவிட்டு, நாற்காலியிலிருந்து எழாமலே, "என் கவலை பறந்தது" என்றான். சொன்னபடி கேட்கிற பிள்ளை. அப்போது நான் அழுதுவிட்டேன். அது வசனத்தில் இல்லை. பாட்டை அதற்குள் போட்டுவிட்டார்கள், எல்லாப் பிள்ளைகளும் கைகோத்து ஆடினார்கள்.

சிறந்த நடிப்புக்கான கோப்பை இந்த வருஷம் எங்கள் இரண்டு பேருக்கும். "கடைசில அழுதீங்க பாருங்க டீச்சர், அங்கதான் நின்னுட்டீங்க" என்றார் தாளாளர்.

குமாரசாமி சார் மட்டும் கை தட்டவில்லை. ரியாஸும் தட்டவில்லை. இரண்டு பேரும் ஹால் கதவோரம் நின்றிருந்தார்கள்.

நவம்பர் 15, சனி

கோப்பையை ஷோகேஸில் வைக்க மனசில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

இவரிடம் சொன்னேன். பாக்ஸில் சோறு எத்தனை நாளாக மிஞ்சுகிறது என்று கேட்டார். ஆடியிலிருந்து என்றேன். பிறகு, "மாடு ஒரு நேரம் தீவனம் எடுக்கலைன்னா, அன்னைக்கே டாக்டர் நம்பர் கேட்டு நம்ம கடைக்கு ஓடியாறாங்க இந்திராணி" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தரணீஷ் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. பயிற்சியில் கேட்கச் சொன்ன கேள்வியெல்லாம் நினைவுக்கு வந்தது, ஒன்றுகூட வாயில் வரவில்லை. மேடையில் சொன்னதெல்லாம் நிஜமா சாமி என்று மட்டும் கேட்டேன். முதுகைத் திருப்பாமலே, "வீட்ல சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. அங்கன்னா நடுவுல எந்திரிச்சுப் போக முடியாதில்லைங்க" என்றான். பயமாக இருந்தது. இப்படி ஒரு பயம் எனக்கு வந்ததே இல்லை. செத்துப்போகலாம் என்று நினைத்தாயா என்று கேட்டுவிட்டேன், கேட்கத்தான் வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். "சில நாளு" என்றான். அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டே இருந்தேன். அவன் தட்டிவிடவில்லை. இவரும் கடைக்குப் போகவில்லை. ஈரோட்டு மனநல டாக்டரின் உதவியாளருக்குப் போன் செய்து திங்கள் காலைக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். அதுவரை அவனைத் தனியாக விடக் கூடாது, கஷ்டமாக இருந்தால் எந்நேரமும் கூப்பிடுங்கள் என்று சொன்னார்களாம். இரண்டு பேரும் மாறி மாறி அவன் கூடவே இருக்கிறோம்.

நவம்பர் 17, திங்கள்

பள்ளிக்கு லீவு சொன்னேன். காரணம் கேட்டார்கள். பையனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். மனநல ஒருங்கிணைப்பாளர் சொன்னது.

டாக்டர் தரணீஷைத் தனியாக உள்ளே கூட்டிப்போனார். கதவுக்கு வெளியே பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர். உள்ளே அவன் பேசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என்ன பேசுகிறான் என்று கேட்கவில்லை, பேசுகிறான் என்று மட்டும் தெரிந்தது. இத்தனை பேச்சை எங்கே வைத்திருந்தான்?

வாசலில் ஓர் அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். பெண் துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். சுவாதிகா. அவள் அம்மா என்னைப் பார்த்ததும் திகைத்துப்போய், "காய்ச்சலுங்க மிஸ், ரெண்டு நாளா" என்றார்.

"எங்க பையனுக்கும் காய்ச்சல்தானுங்க" என்றேன். தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தேன். நாடகத்தில் எனக்கு மூச்சை எடுத்துக்கொடுத்த பெண். அவளுக்கும் ஏதாவது சொல்ல நினைத்தேன். அந்த ஒரு மதிப்பெண்ணைப் போட்டிருக்கலாம் கண்ணு என்று சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நவம்பர் 28, வெள்ளி

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், வாரா வாரம் போக வேண்டும். இது காய்ச்சல் மாதிரி ஒரே வாரத்தில் இறங்குவதில்லை, அவசரப்படாதீர்கள் என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். கேபிள்காரனை வரச்சொல்லியாகிவிட்டது. அடுத்த வாரம் இவர் தங்கச்சி வீட்டுக் காதுகுத்துக்குப் போகிறோம்.

தரணீஷை சி பிரிவுக்கே மாற்றச் சொல்லித் தாளாளரிடம் போனேன். ஏ பிரிவிலிருந்து சி பிரிவுக்கு இதுவரை யாரும் கேட்டு வந்ததில்லையாம். ஒரு விநோதப் பிராணியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். மனநல வகுப்பை இனிமேல் மைதானத்தில் வைக்கிறேன், குமாரசாமி சார் நடத்தட்டும் என்றேன். அரையாண்டுக்கு அதிலிருந்து என்ன கேள்வி கேட்பது என்று கவலைப்பட்டார். பிறகு முக்கியமான விஷயத்துக்கு வந்தார். மாவட்ட அளவில் நாடகப் போட்டி இருக்கிறதாம், நம் நாடகம் போனால் பரிசு நிச்சயமாம். "உங்க பையன் அதே மாதிரி பண்ணிருவானில்லைங்க டீச்சர்?"

"மறந்துட்டு வர்றானுங்க சார்" என்றேன். "ஞாபகப்படுத்த வேண்டாம்."

மதியம் லேபில் தனியாகச் சாப்பிட்டேன். ஜன்னலிலிருந்து மரத்தடி தெரியும், எட்டிப் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை பார்த்தேன். ரியாஸ் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். தரணீஷ் கேட்டுக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

பேட்டைப் பரணிலிருந்து இறக்கி மறுபடியும் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அவன் இன்னும் தொடவில்லை. சாயங்காலம் பாக்ஸைக் கழுவ எடுத்தேன். காலியாக இருந்தது. அவன் சாப்பிட்டானா, ரியாஸ் சாப்பிட்டானா என்று தெரியாது. நான் கேட்கவில்லை. நாளைக்கு இரண்டு பேருக்குமாகச் சேர்த்து வைக்க வேண்டும்.